பன்னிரண்டாவது ஆள்

ஜனவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு நடைப் பயிற்சி, பிறகு வீடு. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் பதினோராம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. ஆறு மாதங்களாக அம்மாவின் கண்ணில் பட்டதெல்லாம் எதிர்ப் புளோக்கின் சமையலறைச் சன்னல்களும், அங்கே மூங்கில் கழிகளில் காயும் துணிகளும்தான். ஜூன் கடைசியில் ஒரு மாலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்: "பாப்பா, சாங்கியில் கடல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதா?"

எனக்கு 63 வயது. அம்மாவுக்கு 87. இன்னும் நான் பாப்பாதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி விந்தையாகப் படலாம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே கடல் இடம் மாறும். 1966 முதல் கிழக்குக் கரையோரத்தை மண் கொட்டித் தூர்த்தார்கள். கத்தோங்கில் வீட்டுப் பின்கட்டுவரை வந்துகொண்டிருந்த அலை, இன்று விரைவுச்சாலைக்கும் பூங்காவுக்கும் அப்பால் எங்கோ அடிக்கிறது. 1975-இல் சாங்கி விமான நிலையத்துக்காகவும் தூர்க்கத் தொடங்கினார்கள். அம்மா சாங்கியில் குடியிருந்தது அதற்கெல்லாம் முன்னால், 1958 முதல் 1971 வரை. தான் அறிந்த கடலையும் நகர்த்திவிட்டார்களோ என்று அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

சாங்கி கிராமத்தின் பக்கம், மலேசியாவின் ஜொகூரைப் பிரிக்கும் நீரிணையைப் பார்த்த கரை, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். சொல்லக் கேட்பது அவருக்குப் போதவில்லை என்று தெரிந்தது. அன்றிரவே நெதராவன் சாலையில் இருக்கும் வில்லேஜ் ஹோட்டல் சாங்கியில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்தேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இது ஒப்பவில்லை. "ஊருக்குள்ளேயே ஹோட்டலா? அந்தக் காசில் இந்தோனேசியா, பாத்தாம் தீவுக்கே போய் வரலாமே" என்றார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால், காலையில் போய் மாலையில் திரும்பினால் அம்மா பாதி நேரம் "போகலாமா, இருட்டிவிடுமே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கேயே படுத்து அங்கேயே எழுந்தால்தான் அவருக்கு அவசரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

டாக்சி அழைத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். "பஸ்ஸில் போனால்தான் சாங்கி வரும்" என்றார். மடக்கும் சக்கர நாற்காலியோடு ரயில் ஏறி, தானா மேராவில் இறங்கி, எண் 2 பேருந்தைப் பிடித்தோம். ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தை விரித்து, அம்மாவை உள்ளே தள்ளி, நாற்காலியின் பூட்டைச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுத்தார். சாங்கி சிறைச்சாலையின் பழைய சுவர் வந்தபோது அம்மா விரலால் காட்டினார். தூங்குமூஞ்சி மரங்கள் சாலையின் இரு பக்கமும் கிளைகோத்து நிற்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "இனி ஒரு வளைவு, அப்புறம் காற்று மாறும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அப்பா சாங்கியில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ஒரு தளம் அவர் பொறுப்பு. இருபது கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவது, சப்பாத்து (ஷூ) துடைப்பது, தரையை மெழுகுவது. ஆங்கிலத்தில் 'பாய்' என்று, அதாவது பையன் என்று, கூப்பிடுவார்கள். 1958-இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்தபோது அப்பாவுக்கு 28 வயது. அப்போதும் பாய். 1971-இல் பிரிட்டிஷார் தளத்தைக் காலி செய்துகொண்டு போனபோது 41 வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். அப்போதும் பாய்தான். தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது. அன்று நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது என்று பிற்பாடு பள்ளியில் படித்தேன். எங்கள் வீட்டில் அது வேறுவிதமாகத் தெரிந்தது: அந்த மாதத்திலிருந்து அம்மா தேநீரில் பாலைக் குறைத்தார். பிறகு அப்பா நகரத்தில் ஒரு கிடங்கில் ஜாகாவாக, அதாவது காவலாளியாகச் சேர்ந்தார். சாங்கியை விட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பகுதியின் சாலைப் பெயர்களே அந்தக் காலத்தைச் சொல்லும். நெதராவன், கிரான்வெல், ஹால்டன், ஹெண்டன் எல்லாம் இங்கிலாந்தின் விமானப்படைத் தளங்களின் பெயர்கள். நான் குழந்தையாக இருந்தபோது அவை சீனப் பெயர்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா இன்றும் ஹால்டனை 'ஆல்டன்' என்றுதான் சொல்கிறார். எனக்கு அதுதான் சரியான உச்சரிப்பு.

எங்களுக்குக் கிடைத்த அறை ஐந்தாம் மாடியில். சன்னல் திரையை விலக்கினால் மரங்கள், மரங்களுக்கு மேல் ஒரு கோடு தண்ணீர், அதற்கு அப்பால் பச்சையாக உபின் தீவு. அம்மாவை நாற்காலியோடு சன்னலருகே விட்டேன். நெடுநேரம் பார்த்தார். "அதே இடம்தான்" என்றார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்போதே திரும்பியிருக்கலாம். நல்ல வேளையாக இரண்டு இரவுகளுக்குப் பணம் கட்டியிருந்தேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்தால், அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கட்டிலைப் பிடித்தபடி நின்று விரிப்பை நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆறு மாதப் பயிற்சியும் போய்விடுமே என்று கத்திவிட்டேன்.

"யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

"அம்மா, இது ஹோட்டல். அதற்குத்தான் ஆட்கள் இருக்கிறார்கள்."

"அதனால்தான் சொல்கிறேன். அந்த ஆளுக்கு முதுகு வலிக்காதா?"

எனக்குப் பேச வாயெழவில்லை. சேர்ந்தே செய்தோம். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் கால்பக்க விரிப்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். பிறகு பக்கவாட்டில் தொங்கும் துணியை, மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, முக்கோணமாக மெத்தையின்மேல் தூக்கிப்போட வேண்டும். கீழே தொங்கும் மிச்சத்தைச் செருகிவிட்டு, முக்கோணத்தை இறக்கி அதையும் செருக வேண்டும். மூலை, தபால் உறையின் மடிப்புபோலச் சாய்வாக, கூர்மையாக நிற்கும். உள்ளங்கையால் இழுத்தால் சுருக்கம் விழாது. விரல் முட்டியால்தான் நீவ வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து, எங்கள் கோரைப்பாயின்மேல் விரித்த பழைய வேட்டியை வைத்து அம்மாவுக்கு இதைச் செய்துகாட்டினாராம். பாய்க்கு மூலை ஏது, செருக ஏது என்று அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் விழித்து அழுதேனாம்.

சுத்தம் செய்ய வந்த பெண் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் தமிழ்ப் பெண். மூலையைப் பார்த்தவுடன் நின்றுவிட்டார். "யார் போட்டது, பாட்டி? எங்கள் மேற்பார்வையாளர் பார்த்தால் எனக்குப் பாராட்டு கிடைத்துவிடும்" என்றார். அம்மாவுக்கு அன்று முழுவதும் அதுவே போதுமானதாக இருந்தது. "என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்பாவின் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வெளியே பேசியதில்லை. பள்ளிப் படிவங்களில் 'அரசாங்க வேலை' என்று எழுதுவோம்.

ஹோட்டலைப் பற்றி எழுதுவதென்றால், மொட்டைமாடியில் நீச்சல் குளம் இருக்கிறது, அங்கிருந்து உபினும் படகுகளும் தெரிகின்றன, வார நாள் என்பதால் கூட்டம் இல்லை. எனக்குப் பிடித்தது அங்கே யாரும் யாரையும் விரட்டாததுதான். அம்மா மின்தூக்கியிலிருந்து வாசலுக்கு நடந்துவர ஏழு நிமிடங்கள் ஆகும். ஏழு நிமிடங்களும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர் நின்றார், கைப்பேசியைப் பார்க்காமல்.

அந்த வட்டாரமே அப்படித்தான் இருக்கிறது. சாங்கி கிராமத்துக் கடைகள் சிறிய கட்டடங்கள். வானம் தெரியும் அளவுக்குத் தாழ்ந்தவை. உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் வரிசை மட்டும் நீளமாக இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, ஒரு கரண்டி சம்பல். அம்மா சம்பலை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இனிப்புக் கூடிவிட்டது. அப்போது நெஞ்சு எரியும்" என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார். பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பாட்டியிடம் பாசார் மலாயில், அந்தக் காலத்துச் சந்தை மலாயில், பேச்சுக் கொடுத்தார். ஐம்பது வருடங்களாகப் பேசாத வார்த்தைகள் தானாக வந்தன. அந்தப் பாட்டியின் கணவரும் தளத்தில் வேலை செய்தவர், சமையற்கட்டில். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீர் வாங்கி வந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் கரையோர மரப்பலகை நடைபாதைக்குப் போனோம். ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் நீளம், ஆறு பகுதிகள். ஒரு பகுதி கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. பலகை இடுக்குகளில் சக்கரம் தடதடவென்று ஓடியது. கீழே வற்று நேரம். பாறைகளில் சிப்பி ஒட்டிய வாசனை. மரத்தில் ஏதோ கரகரத்தது. நிமிர்ந்தால் இரண்டு இருவாச்சிகள், மஞ்சள் அலகில் சிவப்புப் பழத்தை வைத்துக்கொண்டு. "இதெல்லாம் அப்போது இல்லையே" என்றார் அம்மா. சிங்கப்பூரில் காணாமலே போயிருந்த பறவை அது. 1990-களில் உபின் தீவில் மறுபடி தென்பட்டு, பெருகி, நீரிணையைத் தாண்டி இங்கே வந்திருக்கிறது.

சாங்கி கடற்கரைப் பூங்காவுக்குப் போகும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறுகும். அங்கே திறந்த புத்தகம்போல ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1942 பிப்ரவரி 20 அன்று, அந்தக் கரையில், தண்ணீரின் விளிம்பில் 66 பேரை ஜப்பானியத் துணைக் காவற்படையினர் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை பேரும் சாதாரண மக்கள். அம்மா வந்தது போர் முடிந்து 13 வருடங்கள் கழித்து. அந்த இடத்தில் மட்டும் மட்டி பொறுக்கக் கூடாது என்று மலாய்க்காரப் பெண்கள் அவரிடம் சொல்லியிருந்தார்களாம். காரணத்தை யாரும் சொல்லவில்லை. கல்லில் இருப்பதை நான் படித்துச் சொன்ன பிறகு, "அதனால்தானா" என்று மட்டும் கேட்டார். நாற்காலியில் இருந்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஜூலை மாதம் தென்மேற்குக் காற்று. அந்தக் காற்றில் விமானங்கள் வடக்கிலிருந்து கடலுக்கு மேலாக வந்து இறங்கும். பூங்காவில் நிற்கும் நம் தலைக்கு மேலே சக்கரங்களை விரித்துக்கொண்டு போகும். குழந்தைகள் கையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினார். கிழக்கே தெக்கோங் தீவின் விளக்குகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. என் மகனைத் தேசிய சேவைக்கு, கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, அனுப்பிய அன்று, நானும் அந்தத் தீவுக்குப் படகில் போய், அவனோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தேன். அந்தப் படகுப் பயணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் காலை எங்களை அழைத்துப்போக என் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். முதலில் ஶ்ரீ ராமர் ஆலயம். போருக்குப் பிறகு, 1940-களில், ஒரு மரத்தடி வழிபாடாகத் தொடங்கிய கோயில். உள்ளே புத்தரும், சீனர்கள் வணங்கும் குவான் யின் அம்மனும் இருக்கிறார்கள். சீனர்கள் ஊதுவத்தியோடு வந்து நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா வேலை முடிந்து, சப்பாத்து மெழுகு வாசனையோடு நேரே அங்கே வருவாராம். அர்ச்சகர் கொடுத்த துளசியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

அங்கிருந்து படகுத்துறை. இங்கே நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998-இல் அப்பாவின் அஸ்தியைக் கரைத்தது இந்தத் துறையிலிருந்து போன படகில்தான். எங்களவர் பலரும் இங்கேதான் வருகிறார்கள். அன்று அண்ணன்மார் இருவரும் குருக்களும் படகில் போனார்கள். பெண்கள் போக வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா கரையில் நின்றார். அதன் பிறகு 27 வருடங்கள் அவர் சாங்கிப் பக்கமே வரவில்லை. அவர் கேட்ட கடல் எந்தக் கடல் என்று எனக்கு அன்றே, இட்லித் தட்டின் முன்னாலேயே தெரியும்.

உபினுக்குப் போகும் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர வேண்டும். சேர்ந்தால் புறப்படும். அக்கரைக்குப் பத்து நிமிடங்கள். துறைக்கு வெளியே தண்ணீரைப் பார்த்த பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்தோம். சைக்கிளோடு நான்கு இளைஞர்கள், கூடையோடு ஒரு சீன மூதாட்டி, கேமராக்காரர்கள் மூவர் என்று ஒவ்வொருவராக உள்ளே போவதை அம்மா விரல்விட்டு எண்ணினார். ஒன்பது. பத்து. நெடுநேரம் கழித்துப் பதினொன்று. அதன் பிறகு யாரும் வரவில்லை. படகோட்டி வாசலில் வந்து நின்று சாலையைப் பார்த்தார்.

படிகளில் இறங்கி, ஆடும் பலகையைத் தாண்டி அம்மாவால் ஏற முடியாது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, துளசியை என் கையில் வைத்து மூடினார்.

"நீ போ, பாப்பா. ஒரு ஆள்தான் குறைகிறது."

மகள் பாட்டியின் அருகில் உட்கார்ந்துகொண்டாள். நான் நாலு வெள்ளியைக் கொடுத்துவிட்டு ஏறினேன். மரப் பெஞ்சு, டீசல் புகை, பக்கவாட்டில் கட்டிய பழைய டயர்கள். ஓடையிலிருந்து வெளியே வந்ததும் படகு வேகம் பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அம்மாவின் வெள்ளைக் கொண்டையும், அதன் பக்கத்தில் என் மகளின் சிவப்புச் சட்டையும் தெரிந்தன. நடுவழி என்று தோன்றிய இடத்தில் கையைக் கீழே விட்டேன். தண்ணீர் நான் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. துளசி உடனே பின்னால் போய்விட்டது. பக்கத்தில் இருந்த சீன மூதாட்டி பார்த்தார், எதுவும் கேட்காமல், தன் கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

உபின் துறையில் இறங்கிய கையோடு, திரும்பும் படகுக்காக நின்றேன். அங்கேயும் 12 பேர் சேர வேண்டும். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான் வந்து நின்றபோது அம்மா எழுந்திருக்கவில்லை. என் வலக்கையைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. உப்பு மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார், கொஞ்ச நேரம். பிறகு, எண் 2 வந்து நிற்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்.